மடியில் அடங்கும் பேசி

தமிழிலே 'மடி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். தாயின் மடி, பசுவின் மடி என வழங்குவன ஒருபுறமிருக்க, சோம்பலையும் அச்சொல்லே குறித்தது. திருக்குறளிலே மடியின்மை என ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. இடுப்பிற் சுற்றிய சாரத்தின் மேல்விளிம்பைச் சுருட்டி, அதனுள்ளே காசையும் வெற்றிலையையும் செருகிக்கொள்ளும் இடமும் மடிதான். கரைவலை இழுப்போருக்கோ, இருபுறக் கயிறுகளும் கரையேறிய பின்னர் இறுதியாக வந்துசேரும் மீன் நிறைந்த பையே மடி. துணியை மடிக்கலாம், பாயை மடிக்கலாம், கடிதத்தை மடிக்கலாம். கண்ணாடியை மடிக்கலாம் என முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் கூறியிருப்பின், கூறியவரின் அறிவைப் பற்றியே ஐயம் எழுந்திருக்கும். இன்றோ கண்ணாடித் திரையை நடுவிலே மடித்துச் சட்டைப் பையில் இட்டுக்கொள்ளும் திறன்பேசிகள் கடைகளில் விற்பனையாகின்றன. 'பிளிப்' எனும் பெயரால் வழங்கும் இப்பேசிகளுள் ஒன்று வண்ணாத்திவில்லுக் கரையோரத்துக் குடும்பமொன்றிடம் வந்துசேர்ந்தது.

வடமேல் மாகாணத்திலே, புத்தளம் மாவட்டத்தின் வடபால், வில்பத்து வனத்துக்கும் புத்தளம் கடனீரேரிக்கும் அணித்தாக அமைந்தது வண்ணாத்திவில்லு. வில்லு என்பது மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைத் தாழ்நிலம். வில்பத்தின் உட்பகுதியெங்கும் அத்தகைய வில்லுகள் உள. பெயரின் முற்பகுதி ஈழத்துத் தமிழர் செவியிலே வண்ணாத்திப்பூச்சியை நினைவுறுத்துவது. இறக்கையிரண்டையும் சேர்த்து மூடி அமர்ந்து, பறக்க வேண்டுகையில் விரிக்கும் அப்பூச்சியின் பெயரைத் தாங்கிய ஊருக்கு, மூடியும் திறந்தும் தொழிற்படும் ஒரு பொருள் வந்துசேர்ந்தமை தற்செயலே எனினும் இரசிக்கத்தக்க தற்செயல். மற்றப்படி ஊர் வறண்ட ஊர்தான். மரமுந்திரிகைத் தோட்டங்கள், அறுவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் அகழ்விடம், அக்கல்லைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லவென அமைந்த இருப்புப்பாதை, கலா ஓயா கடலொடு கலக்குமிடத்துக் கண்டற்காடு, ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரந்த கடனீரேரி ஆகியனவே அதன் உடைமைகள். மழை பொய்த்தாலும் கடனீரேரி பொய்ப்பதில்லை என்பர். அண்மைக்காலத்தில் அதனையும் தயக்கத்துடனேயே கூறுகின்றனர்.

இக்குடும்பத்தின் தலைவர் கடனீரேரியிலே சிறு தோணி கொண்டு தொழில் செய்பவர். அவருடைய மனைவி ஆறு ஆண்டுகள் குவைத்திலே வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து, 2024ஆம் ஆண்டிலே நாடு திரும்பினார். மூத்த மகன் பல்கலைக்கழகத்து மாணவன். அவனுக்கு இளையவள் பாடசாலையில் உயர்தரம் பயில்பவள். மத்திய கிழக்கிலிருந்து மீளும் தாய்மாரின் பொதிகளிலே கம்பளமும் வாசனைத் திரவியமும் பால்மாவும் இருப்பது வழமை. இத்தாயின் பொதியிலே, துவாயொன்றிற் சுற்றப்பட்டு, உள்ளங்கையளவான சதுரப் பொருளொன்று இருந்தது. வீட்டுக்காரரின் மகள் புதிய பேசி வாங்கியபோது பழையதைப் பணிப்பெண்ணுக்கு அளித்திருந்தாள். அளித்தாள் என்பதா, கழித்தாள் என்பதா என்பது காண்போரின் மனநிலையைப் பொறுத்தது. மாணவன் அதனை முதலிற் பூச்சுப் பெட்டி என்றே எண்ணினான். பெருவிரலால் மேற்பாதியை நெம்பி விரித்தபோது அது கையிலே நீண்டு முழுத் திறன்பேசியாயிற்று.

இப்பேசிகளின் முதற் கவர்ச்சி இந்த உருமாற்றத்திலேதான் அடங்கியுள்ளது. 2024 ஜூலையிலே வெளியான சாம்சங் கலக்சி இசட் பிளிப் 6 என்பதை எடுத்துக்கொள்ளின், விரித்த நிலையில் அதன் நீளம் 165 மில்லிமீற்றர். மடித்தால் 85 மில்லிமீற்றர். அகலம் 72 மில்லிமீற்றர். எடை 187 கிராம். மூலைக்கு மூலை 6.7 அங்குலம் கொண்ட திரை, மூடியவுடன் தன்மீதே கவிழ்ந்து மறைந்துவிடுகின்றது. சாதாரணத் திறன்பேசியின் கண்ணாடி எந்நேரமும் உலகை நோக்கியவாறு இருக்க, இதன் கண்ணாடி தன்னைத் தானே நோக்கியவாறு உறங்குகின்றது. சட்டைப் பையிலே திறப்புக் கோவையும் சில்லறைக் காசும் உடனிருப்பினும் உட்டிரை கீறுபடுவதில்லை. சிறிய பையும் குறுகிய மடியும் உடையோர்க்கு, நீண்ட பேசி நழுவி விழும் அச்சம் நீங்குகின்றது. பேருந்திலே நின்று பயணம் செய்வோர் இதன் அருமையை உணர்வர்.

மடித்தல் புதிய எண்ணமன்று. 1960களின் நடுப்பகுதியிலேயே மார்க்கோ சனூசோ, ரிச்சார்ட் சாப்பர் எனும் இருவர் இத்தாலியிலே 'கிரில்லோ' என்ற மடிப்புத் தொலைபேசியை வடிவமைத்தனர். கிரில்லோ என்றால் சிள்வண்டு. அது கம்பியிற் பொருத்தப்பட்ட வீட்டுத் தொலைபேசி. எனினும் எடுத்தவுடன் விரியவும் வைக்கும்போது மூடவும் அறிந்திருந்தது. 1966இலே அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பமான ஸ்டார் டிரெக் தொடரின் விண்வெளி வீரர் மூடியைத் திறந்து பேசும் கருவியை ஏந்தினர். 1989இலே மோட்டரோலா நிறுவனம் மைக்ரோடக் பேசியை வெளியிட்டது. வாய்ப்பகுதியின் மூடி மட்டும் அதிலே கீழ்நோக்கி விரிந்தது. அதே 1989ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் செல்டெல் நிறுவனம் தெற்காசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1996இலே வந்த ஸ்டார்டக், சிப்பி போல இரண்டாக மூடியது. எடை 88 கிராம். விலையோ ஏறத்தாழ 1,000 டொலர். 2004இலே வந்த ரேசர் வி3, மூடிய நிலையிலும் 13.9 மில்லிமீற்றர் தடிப்பே கொண்டதாய் அந்நாளைய இளைஞர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. அவ்வரிசைப் பேசிகள் 130 மில்லியனுக்கு மேல் விற்பனையாயின. பின்னர் 2007இலே ஐபோன் வந்தது. பொத்தான்கள் மறைந்தன, முகம் முழுவதும் கண்ணாடியாயிற்று, கண்ணாடி மடியாதாகையால் மடிப்புப் பேசியும் வழக்கொழிந்தது.

அது மீண்டும் எழுந்தமைக்குக் காரணம் வடிவமைப்போரின் பழம்பொருட் பற்றன்று. மூலப்பொருளிலே நேர்ந்த மாற்றமாகும். ஓலெட் எனப்படும் திரையிலே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், பின்னிருந்து வெளிச்சம் காட்டும் தடித்த அடுக்கு தேவைப்படுவதில்லை. அத்தகைய திரையைக் கண்ணாடித் தளத்தில் அன்றி வளையும் பிளாஸ்திக்குத் தளத்திலே அமைக்கலாம். 2019 நவம்பரிலே மோட்டரோலா தன் பழைய ரேசரைத் திறன்பேசியாக மறுபடியும் அறிமுகம் செய்தபோது அதன் மேற்பரப்பும் பிளாஸ்திக்காகவே இருந்தது. 2020 பெப்ரவரியில் வந்த முதலாவது இசட் பிளிப்பிலேதான் கண்ணாடி மடியத் தொடங்கியது. அக்கண்ணாடியின் தடிப்பு ஏறத்தாழ 30 மைக்கிரோமீற்றர், தலைமயிரினும் மெல்லியது. இதன் விளக்கம் எளியது. எப்பொருளை வளைப்பினும் அதன் வெளிமுகம் இழுபடும், உள்முகம் நெருக்குண்ணும். இழுபடும் அளவு பொருளின் தடிப்பைப் பொறுத்தது. தடிப்பைப் பாதியாக்கினால், அதே வளைவிலே இழுபாடும் பாதியாகின்றது. தடித்த கண்ணாடி உடைவதற்கும் மெல்லிய கண்ணாடி வளைவதற்கும் இதுவே காரணம். பனங்கிழங்கு ஒடிகையில் அதன் தும்பு வளைவது போல என்று மாணவன் தங்கைக்கு விளக்கினான். உவமை முற்றும் பொருந்துவதன்று. ஆயினும் அவளுக்கு விளங்கிற்று.

கண்ணாடிக்கு அடுத்தபடியாகப் பெருமை பெறவேண்டியது பிணைச்சல். கதவின் பிணைச்சல் திறக்கும், மூடும். இதன் பிணைச்சலோ இடையிலே எக்கோணத்திலும் நிற்கும். ஆதலால் பேசியை இங்கிலிசு 'எல்' எழுத்தைப் போல் மேசைமீது வைத்துவிட்டு, கைபடாமலே படம் எடுக்கலாம். முகம் பார்த்து உரையாடலாம். மூடியவாறே வெளிப்புறச் சிறுதிரையிலே நேரமும் செய்தியும் அழைப்பவர் பெயரும் காணலாம். 2020இலே 1.1 அங்குலமாக இருந்த அச்சாளரம் 2021இல் 1.9 ஆகவும், 2023இல் 3.4 ஆகவும், 2025இல் 4.1 ஆகவும் வளர்ந்தது. வெளித்திரை உட்டிரையளவு பெருகிவிடின் மடிப்பதன் பயன் யாது என்று வினவுவோரும் உளர், வினா நியாயமானதே. குவைத்திலிருந்து வந்த பேசி 1.9 அங்குலக் காலத்தது. அதன் உட்டிரையின் நடுவே, குறுக்காக, விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பள்ளம் ஒன்றும் இருந்தது. விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்போது அது நன்கு தெரியும். உற்பத்தியாளர் தம் பேசி 200,000 முறை மடித்தாலும் தாங்கும் என்பர். நாளுக்கு நூறு தடவை எனில் அஃது ஐந்தரை ஆண்டுக் கணக்கு. வேறொரு பெண்ணின் விரல்கள் அக்கணக்கில் எவ்வளவைச் செலவிட்டிருந்தன என்பதை அந்தப் பள்ளம் கூறவில்லை.

பேசியைத் தோணிக்குக் கொண்டுசெல்லுமாறு மகன் தந்தையிடம் கூறினான். கேரளத்து அனுபவம் அவன் பாடத்திலே வந்தது. 1997 முதல் 2001 வரை அக்கரையோரத்திலே கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாகப் பரவியபோது, சாளை மீனவர் கடலில் இருந்தவாறே எந்தத் துறையில் விலை நல்லது என விசாரித்துக் கரைசேரலாயினர். ரொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இலே வெளியிட்ட ஆய்வின்படி, துறைக்குத் துறை வேறுபட்ட விலை ஏறத்தாழச் சமனாயிற்று. வாங்குவோரின்றி வீசப்பட்ட மீன் இல்லாதொழிந்தது. மீனவரின் இலாபம் 8 வீதம் உயர, உண்போர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது. இருதரப்பாரும் ஒருசேர நன்மை பெறும் நிகழ்ச்சி பொருளியலிலே அடிக்கடி காணக்கிடைப்பதன்று. ஆயின், அம்மீனவர் கையிலிருந்தவை மடியாத, கண்ணாடி முகமற்ற பொத்தான் பேசிகள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தந்தை பேசியை வாங்கி இருமுறை திறந்து மூடினார். பின்னர் பிணைச்சலின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். "இது ஊட்டுச் சாமான் மகன், தோணிச் சாமானில்ல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் பொத்தான் பேசியொன்று உண்டு. பொலித்தீன் பையிலிட்டு முடிச்சிட்டு, அதனைச் சாரத்தின் மடியிலே செருகுவார். பையைப் பிரிக்காமலே பொத்தானை அழுத்தவும் பேசவும் அவருக்கு இயலும்.

நூலறிவு இல்லாதவர் என ஒதுக்கத்தக்க தீர்ப்பன்று அது. மடிப்புப் பேசிகளின் பாதுகாப்பை அளவிடும் எண்களைப் பார்ப்பின் அவர் சொன்னதே அங்கும் எழுதப்பட்டிருக்கின்றது. 2021ஆம் ஆண்டின் பிளிப் பேசிக்கு ஐபிஎக்ஸ்8 எனத் தரம் வழங்கப்பட்டது. ஈற்றிலுள்ள 8, நீரைக் குறிப்பது. ஒன்றரை மீற்றர் ஆழத்து நன்னீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதில்லை என்பது கருத்து. நன்னீர் என்பதை அழுத்திப் படித்தல் வேண்டும்; கடற்கரையிலும் நீச்சற் குளத்திலும் பயன்படுத்துவது உகந்ததன்று என உற்பத்தியாளரே எச்சரிக்கின்றனர். இடையிலுள்ள எக்ஸ், தூசு பற்றி உறுதிமொழி எதுவும் இல்லை என்பதன் அடையாளம். 2024இன் பிளிப் 6இலே அவ்விடத்திற்கு 4 என்ற எண் வந்தது. ஒரு மில்லிமீற்றரினும் பெரிய திண்பொருள் உட்புகாது என்பதே அதன் பொருள். கரையோர மணலிலே பெரும்பாலான பருக்கைகள் ஒரு மில்லிமீற்றருக்கும் சிறியன. பிணைச்சலுக்குள் தூசு புகாது தடுக்க நுண்ணிய தூரிகை இழைகளை வைத்திருக்கின்றனர் என்பது மெய்யே. எனினும், உப்புக் காற்றும் மணலும் ஆண்டு முழுவதும் வீசும் கரையிலே, சியோல் நகரத்து அலுவலகத்தை எண்ணிச் செய்த தூரிகை எவ்வளவு காலம் நிற்கும்? கடனீரேரியிலே மீன் பிடிப்பவனின் சட்டைப் பை இவ்வடிவமைப்பாளரின் வரைபலகைக்கு என்றும் வந்ததில்லை. அதனைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. விலையே அதைச் சொல்லிவிடுகின்றது.

பிளிப் 6 அமெரிக்காவில் 1,099 டொலருக்கு வெளியாயிற்று. ஒரு டொலரை 300 ரூபாவாகக் கொண்டால் மூன்று இலட்சத்து முப்பதினாயிரம் ரூபா. 2024 ஜனவரி முதல் கைத்தொலைபேசிகளுக்கும் விதிக்கப்பட்ட 18 வீதப் பெறுமதிசேர் வரி இதற்குமேல் வரும். இத்தொகையைக் கடனீரேரிக் குடும்பம் எந்தக் கண்ணாற் பார்க்கும் என்பதற்கு 2022ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டின் முற்பகுதியிலே 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. சிறு தோணிகளின் இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். அம்மாதங்களிலே கரையில் ஏற்றிவைத்த தோணிகளின் எண்ணிக்கை மிகுந்தது. இவ்வீட்டின் இரு சோடிக் காப்புகள் ஈடு போனதும் அப்போதுதான். குவைத்திலிருந்த தாய் அச்செய்தியை அறிந்ததும் ஒப்பந்தத்தை மேலும் நீட்டித்தார்.

ஆகவே பேசியை விற்றுவிடுவதென மகன் முடிவு செய்தான். விற்ற காசிலே காப்புகளை மீட்டுவிட்டால், தாய் மறுபடியும் விமானம் ஏறும் பேச்சு எழாது என்பது அவன் கணக்கு. இந்தக் கணக்கை அவன் எவரிடமும் கூறவில்லை. புத்தளம் நகரிலே கைத்தொலைபேசிக் கடைகள் பல உள. மூன்று கடைகளில் ஏறி இறங்கினான். முதலிரண்டு கடையார் திறந்து பார்த்து வியந்து, மூடித் திருப்பிக் கொடுத்தனர். மூன்றாமவர் பேசியைச் சாய்த்து வெளிச்சத்திற் பிடித்து நடுவிலிருந்த பள்ளத்தைக் காட்டினார். உட்டிரை பழுதானால் மாற்றுவதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றும், அச்செலவு பேசியின் விலையிற் பாதிக்கு மேல் என்றும், அதனால் இவ்வகைப் பேசிகளை வாங்கி வைக்கத் தாம் அஞ்சுவதாகவும் பொறுமையாக விளக்கினார். இறுதியில் நாற்பதாயிரம் ரூபா சொன்னார். பொய் சொன்னார் என்பதற்கில்லை. புதிதாகையில் விலையிலே முன்னிற்கும் இப்பேசிகள், பழையனவாகையில் விரைந்து மதிப்பிழப்பது எங்கும் காணப்படுவதே. அத்தொகை ஒரு சோடிக் காப்பைக்கூட மீட்கப் போதாது. மகன் பேசியோடு பேருந்தேறினான்.

அன்றிரவு அவன் நடந்ததைக் கூறியபோது தாய் கோபிக்கவில்லை; விற்க எண்ணியது பற்றி வியக்கவுமில்லை. தாம் அதனை விற்கவெனக் கொண்டுவரவில்லை என்று மட்டும் சொன்னார். அவர் சொன்ன காரணம், பேசியின் சிறப்புகளைப் பட்டியலிடும் விளம்பரம் எதிலும் இடம்பெறாதது. அந்த வீட்டிலே அவர் இருந்த ஆண்டுகளில் அவருக்கென மூடும் கதவு இருந்ததில்லை. சமையலறையை அடுத்த சிற்றறையிலே படுக்கை. பெயர் சொல்லி அழைத்தால் எந்நேரமும் எழவேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பின்னரே வீட்டுக்குப் பேச வாய்க்கும். அப்போதும் இடையிற் குரல் கேட்டால், பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தை விரலால் அழித்துவிட்டு ஓடவேண்டும். அந்த வீட்டின் மகளோ, தன் பேச்சு முடிந்ததும் பேசியை ஒரு கையாலேயே 'டக்' என மூடுவாள். மூடிய பின் அவளை எவரும் அழைப்பதில்லை. "மூடினா முடிஞ்ச பேச்சு மகன். அதான் எனக்குப் புடிச்சது," என்றார் தாய்.

கண்ணாடிப் பலகையாகிய சாதாரணத் திறன்பேசியிலே உரையாடல் முடிவது ஒரு சிவப்புப் புள்ளியைத் தொடுவதால். முடிந்ததா இல்லையா என்பதைத் திரையைப் பார்த்தே உறுதி செய்யவேண்டும். முடிந்த பின்னரும் திரை விழித்தேயிருக்கும். அடுத்த செய்தி, அதற்கடுத்த படம் என விரலை இழுத்துச் செல்லும். மடிப்புப் பேசியிலே முடிவு என்பது கைக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். திறன்பேசியைக் குறைவாகப் பார்க்க விரும்புவோர் இவ்வகைப் பேசியை நாடுவதற்கு இதனையே காரணமாகக் கூறுவர். திறப்பதற்குத் தேவைப்படும் அந்தச் சிறு முயற்சியே தடையாகின்றது என்பது அவர்கள் வாதம். வெளிச் சாளரம் ஆண்டுதோறும் பெருகிவருவதைப் பார்க்கையில், உற்பத்தியாளருக்கு அத்தடையிலே பெரிய விருப்பம் இருப்பதாகத் தோன்றவில்லை.

பேசி இப்போது தாயிடமே உள்ளது. அலுமாரியில் உடுப்புகளின் மேல், மணல் படாத இடத்தில் இருக்கும். மகள் இணையத்திலே பாடக் குறிப்புப் பார்க்கக் கேட்டாற் கொடுப்பார். மகள் அதனை மேசைமேல் அரைகுறையாக மடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு கணக்குச் செய்வாள். மகன் விரிந்த கண்ணாடியிலே கீறல் விழுந்த தன் பழைய பேசியோடு பல்கலைக்கழகம் திரும்பினான். காப்புகள் இன்னும் வங்கியில்.

அவன் புறப்படுவதற்கு முந்திய மாலை, கொழும்பிலிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் ஒருவர் அழைத்தார். பெயர் வெளித்திரையிலே தெரிந்தது. தாய் பேசியைத் திறந்து, அடுப்படி வாசலில் நின்றவாறு கேட்டார். முன்னைய வீட்டாரே மீண்டும் கேட்கின்றனர், சம்பளம் கூடும், கடவுச்சீட்டின் பிரதியை அனுப்பினாற் போதும் என்றார் முகவர். தாய், யோசித்துச் சொல்வதாகக் கூறினார். எப்போது என்று அவர் வினவினார். மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். தந்தை திண்ணையிலே வலையின் கண்ணொன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். பெருநாள் கழியட்டும் என்று தாய் பதிலிறுத்தார். மறுமுனையிலே அவர் இன்னும் ஏதோ கூறிக்கொண்டிருக்கையிற் பேசியை மூடினார்.